பத்தில் ஒரு பங்கு வலி

என் மகன் நம்பிராஜன் வாத்துக் குரலில் பேசத் தொடங்கியபோது அவனுக்கு வயது முப்பத்தொன்று.

வேறு தகப்பனாக இருந்தால் பதறியிருப்பான். நான் சிரித்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் எங்கள் தெருவில் மூன்று நாய்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டன என்று என் மனைவி பிரம்மசக்தி சொல்லுவாள். அவள் எதையும் குறைத்துச் சொல்கிறவள். ஐந்து நாய்கள்.

"எப்பா, சிரிக்காதீங்க. கீழ எல்லாருக்கும் இப்படித்தான்" என்றது வாத்து.

கீழே என்றால் கடலுக்குக் கீழே. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கக்கிய சூட்டைத் தாங்க முடியாமல், அவற்றைப் பெட்டி பெட்டியாகக் கடலுக்குள் இறக்கிவிட்ட காலம் இது. உங்கள் கல்யாண வீடியோ, நிலப் பட்டா, நீங்கள் யாருக்கோ அனுப்பி அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் போட்டோ எல்லாம் இப்போது சுறாமீன்களின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏற்றியவன் நான். கிரேன் ஆப்பரேட்டர். என் கிரேன் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் கொழும்பில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிவிடலாம். உப்பு போதவில்லை என்று இரண்டு முறை சொல்லியும் இருக்கிறேன்.

பெட்டிகளை இறக்கினால் போதுமா, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? கன்னியாகுமரிக்குத் தெற்கே முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு நிலையம் கட்டினார்கள். அங்கே போகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்க்க வேண்டும். நம்பியும் போனான்.

"அந்த அழுத்தத்துல சாதாரணக் காத்து மூச்சுவிட்டா கள்ளு குடிச்ச மாதிரி ஆயிரும்ப்பா" என்று அவன்தான் விளக்கினான். "அதனால ஹீலியம் கலப்பாங்க. ஹீலியத்துல குரல் இப்படித்தான் ஆகும்."

"அத மனுசக் குரலா மாத்தித் தர ஒரு மிஷின் கெடையாதாடே?"

"இருக்கு. இப்ப அதுலதான் பேசுதேன். அது வார்த்தையத் திருத்தும். நான் சொல்றது உங்களுக்குப் புரியுதுல்லா? அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். சிரிப்பு, அழுகை, கொட்டாவி எல்லாம் அப்படியே விட்டுரும்."

"உனக்கு எதுக்கு அங்க அழுகை? ஏசி ரூமு, வேளைக்குச் சோறு."

"அதுஞ்சரிதான்" என்று நம்பி சிரித்தான். குளம் நிறைய வாத்துகள் இறங்கின மாதிரி இருந்தது. பிரம்மசக்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அந்தக் குரலைக் கேட்டு அவள் சிரித்ததே இல்லை.

கீழே போனவன் நினைத்தவுடன் மேலே வர முடியாது. இது முக்கியம். ரத்தத்தில் கரைந்திருக்கும் காற்று மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் மூடியைத் திறந்த சோடா மாதிரி ஆள் பொங்கிவிடுவான். அதனால் ஒரு இரும்பு அறைக்குள் அடைத்து, பத்துப் பன்னிரண்டு நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைப்பார்கள். நிலாவுக்குப் போனவன்கூட அதைவிடச் சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம்.

பிரம்மசக்திக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் முடிந்துவிட்டது. நம்பிக்காக அவளைப் பன்னிரண்டு நாள் வைத்திருக்க முடியுமா? என் தங்கை மகன் கொள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. நம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அம்மா காதுகிட்ட போன வைங்க. நான் பேசணும்."

வைத்தோம். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று எவனோ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான்.

"எம்மா" என்றான். அதை மிஷின் அழகாகத் திருத்திக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவனால் வார்த்தை சொல்ல முடியவில்லை. அழுகைதான் வந்தது. திருத்தப்படாத அழுகை. சாவு வீட்டின் நடுவில், மாலைகளுக்கு இடையில் ஒரு வாத்துக் கூட்டம் கத்தியது. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவள் தோள் குலுங்கியது. அப்புறம் இன்னொருத்தி. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள், முடியவில்லை. அவர்களில் ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. காலையிலிருந்து மாரடித்து அழுதவர்கள்தான். சாவு வீட்டில் வரும் சிரிப்பை அடக்குவது வாந்தியை அடக்குவது மாதிரி. வீடே சிரித்தது.

லைன் அறுந்தது.

மறுநாள் கூப்பிட்டான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?" என்றான், திருத்தின குரலில்.

"முடிஞ்சுதுடே. நீ மேல வாறியா?"

"இனிமே வந்து என்ன செய்ய? அம்மா இல்லையே" என்றவன், இன்னொரு தவணை கீழேயே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டான்.

இனி துணைவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் இருப்பவர்களின் குடும்பத்துக்குக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. ஒரு ஜோடி வளை. ஒன்று மேலே இருக்கும் பெரியவர் கையில், இன்னொன்று கீழே இருக்கும் பிள்ளை கையில். பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அந்த வலியில் பத்தில் ஒரு பங்கு பிள்ளையின் உடம்பில் அதே இடத்தில் தெரியும். உடனே அவன் கூப்பிடலாம். சாதாரணமாக வாரத்துக்கு இரண்டு முறைதான் பேச முடியும். வளை வலித்தால் மட்டும் லைன் உடனே திறக்கும்.

ஒருநாள் பீரோ கதவில் விரல் நசுங்கியது. "எப்பா! விழுந்துட்டீங்களா? என்ன செய்யுது?" என்று வாத்து அலறியது. அன்றைக்கு அரைமணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு வீட்டைப் பார்த்தேன். பிரம்மசக்தி துவைத்து மடித்து வைத்த துணி அப்படியே இருந்தது. விரல் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கலாமே என்று தோன்றியது.

என்னைப் போல மூளை உள்ளவனுக்கு அப்புறம் யாராவது சொல்லித் தர வேண்டுமா? இடது கையில், தோளுக்குக் கீழே உட்பக்கமாக ஒரு கிள்ளு. அடுத்த நிமிஷம் போன் அடிக்கும்.

"எப்பா, என்ன?"

"ஒண்ணுமில்லடே. கொசு."

"கொசு கடிச்சா இங்க வரைக்குமா வலிக்கும்?"

"தூத்துக்குடிக் கொசுடே. துறைமுகத்துல கப்பலையே தூக்கிட்டுப் போவப் பாத்துச்சு, நாங்க நாலு பேரு சேந்து கயிறு போட்டு இழுத்து நிறுத்துனோம்."

கொஞ்ச காலம் இது ஓடியது. அப்புறம் அவன் கூப்பிடுவது குறைந்தது. "கொசுவா?" என்று எழுத்தில் மட்டும் வரும். பிறகு அதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, திருத்தின குரலில், "சாப்பிட்டேன்", "இருக்கேன்", "சரிப்பா". நான் கிள்ளுவதை மட்டும் விடவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம். சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் இடது முன்னங்கையில் சுருக்கென்று ஒரு வலி. பார்த்தேன். எறும்பு இல்லை, கொசு இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

எனக்கு அப்படியே ஜிவ்வென்று ஏறிவிட்டது. பய பதில் கிள்ளுகிறான்!

துள்ளிக் குதித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மின்விசிறி தலையில் இடிக்காமல் தப்பினேன். உடனே நானும் ஒன்று கொடுத்தேன். மறுநாளும் வந்தது. நானும் கொடுத்தேன். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அவன் வேலை முடியும் நேரத்தில் வரும். வந்த அடுத்த கணம் என் பதில் போய்விடும். அந்தக் காலத்துத் தந்தி மாதிரி. ஒன்று வந்தால் 'சாப்பிட்டீங்களா', இரண்டு வந்தால் 'அம்மா ஞாபகமா இருக்கு' என்று நானாக அகராதி போட்டுக்கொண்டேன்.

என் கூட்டாளி கொம்பையாவிடம் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அவன் துறைமுகத்தில் பாரக் கயிறு சுற்றும் வின்ச் ஓட்டியவன். தினமும் சாயங்காலம் கடற்கரையில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் மக்ரூன் தின்போம்.

"என்னவே நயினாரு, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? மகன் கிள்ளுதான், அப்பன் கிள்ளுதான். ரெண்டு பேரும் எல்கேஜி படிக்கீங்களா?"

"உமக்குப் பொறாமை வே. உம்ம மகன் மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு ஒரு போன் போடுதானா? எம்மகன் கடலுக்குள்ள கெடந்து கிள்ளுதான்."

"அப்படி என்ன கிள்ளு, நானும் பாக்கேன். வளையக் கழத்தும்."

கழற்றிக் கொடுத்தேன். அவன் மாட்டிக்கொண்டான். வழக்கமான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொம்பையா கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை மடியில் நீட்டி வைத்துக்கொண்டு, "என்ன வே, மருமகனுக்கு இன்னும் மூடு வரலியா?" என்று கேட்டுக்கொண்டே மக்ரூனைக் கடித்தான்.

பாதியில் நிறுத்தினான்.

"வந்துட்டா?" என்றேன்.

அவன் முன்னங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடி ஒருமுறை உடம்பு லேசாக அதிர்ந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"வே, இது எவ்வளவு வரும்னு சொன்னீரு?"

"எது?"

"அவனுக்கு வலிக்கறதுல."

"பத்துல ஒரு பங்கு."

"நீரு கிள்ளுனா அவனுக்கு எப்படி இருக்கும்?"

"எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கிள்ளுதானவே."

கொம்பையா வளையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். "இது எறும்பு ஊர்ந்த மாதிரி இல்ல நயினாரு. நீரே பத்தால பெருக்கிப் பாரும்."

நான் கிரேன் ஓட்டியவன். கப்பி மாட்டின கயிற்றில் நம் கைக்கு வரும் இழுப்பு சின்னது; கொக்கியில் தொங்குவது பெரியது. இதை மறந்தவனைக் கிரேன் பக்கம் விடவே மாட்டார்கள். கைக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் ஆடியிருக்கிறேன். கொக்கியில் என்ன தொங்குகிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொம்பையா என் தோளைப் பிடித்து எழுப்பினான். "இங்கனயே உக்காந்துராதேயும். போனப் போடும்."

நிலையத்துக்கு மேலே கடலில் நிற்கும் தாய்க்கப்பலில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பியூலா என்று பெயர். அவர் இருப்பது மேலே என்பதால் மனிதக் குரலிலேயே பேசினார்.

"சார், நம்பிராஜன் பத்தி நான் உங்ககிட்ட எதுவும் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றத நான் கேக்கலாம். சொல்லுங்க."

சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை. அவர் நடுவில், "ஒரு நிமிஷம்" என்றுவிட்டு யாரிடமோ, "நம்பிகூட ஒரு ஆள் இருக்கணும். தனியா விடாதீங்க. இப்பவே" என்று சொல்வது கேட்டது.

"எம்மகன் சாகப் போறானா டாக்டர்?"

"எனக்குத் தெரியாது சார். அவர்கிட்ட கேட்டாத்தான் தெரியும். கேக்கறதுனால ஒண்ணும் ஆகாது, தாராளமா கேக்கலாம். தன்னையே காயப்படுத்திக்கிறவங்க நிறைய பேர் சாகறதுக்காக அதச் செய்யறதில்ல. அந்த ஒரு நிமிஷத்தத் தாண்டறதுக்குச் செய்றாங்க. அதுக்காக லேசா எடுத்துக்கவும் கூடாது."

"அப்ப எனக்குத் தெரியட்டும்னு செய்யுதானா? நான் கூப்பிட மாட்டேனான்னு?"

"தெரியணும்னு நெனைக்கிறவர் ஏன் சார் சட்டைக் கைய இறக்கிவிட்டுக்கிட்டு நடக்கணும்? முக்கால்வாசிப் பேர் மறைக்கத்தான் பாப்பாங்க." கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு இந்த வளை ரெண்டு பக்கமும் வேலை செய்யும்னு தெரியுமா?"

"தெரியும்னுதான் நான் நெனைச்சேன்."

"பெரியவங்க விழுந்தா தெரியறதுக்குன்னு மட்டும்தான் இங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாங்க."

என் மகன் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட அறைக்குள், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"உங்களுக்குத் தெரியும்னு சொல்லுங்க. திட்டாதீங்க. 'அம்மா மேல சத்தியம் பண்ணு'ன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. சத்தியத்த மீறிட்டா அந்தக் குத்த உணர்ச்சி வேற சேந்துக்கும். என்ன நடக்குதுன்னு கேளுங்க. அப்புறம் பேசாம இருங்க. முடியுமா?"

"மத்ததெல்லாம் முடியும்" என்றேன்.

லைன் போட்டார்.

"எப்பா? கொசுவா?"

"கொசு இல்லடே. உன் கை எனக்கு வலிக்கு."

ஹீலியம் உஸ்ஸென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இது மேலருந்து கீழதானப்பா வரும்?"

"ரெண்டு பக்கமும் வருதுடே."

"எப்பலருந்து?"

"கார்த்திகையிலருந்து."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். முன்பு கேட்டிருந்தால் சிரித்தே நாய்களை விரட்டியிருப்பேன். இப்போது காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன். கொம்பையா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

"எப்பா, மிஷின அணைச்சிரட்டுமா? இது நான் பேசற மாதிரியே இல்ல."

"அணைச்சிரு. எனக்கு வெளங்கும்."

விளங்கியதா என்றால், பாதி வார்த்தைகளை ஊகித்துத்தான் பிடித்தேன். கீச்சுக் கீச்சென்று என் மகன் பேசினான்.

"அம்மாட்ட பேசுனப்ப எல்லாரும் சிரிச்சாவல்லா? நான் யாரையும் குத்தம் சொல்லலப்பா. வைச்சிட்டு ரூமுக்குள்ள போயி அழுதேன். எங்காதுல எங்கொரல் கேட்டுச்சு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அம்மா செத்துக் கெடக்கா, நான் சிரிக்கேன். அன்னைக்கோட அழுகை நின்னு போச்சு. நெஞ்சுல காங்கிரீட்டக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. சோத்துல ருசி தெரியல, குளிரு தெரியல, நான் இருக்கேனான்னே தெரியல. அப்ப ஒருநாள்தான் இது. செஞ்சா கொஞ்ச நேரம் நான் இருக்கேன்னு தெரியும். உள்ள இருக்கற இரைச்சல் அடங்கும். இதுக்குச் சத்தம் கெடையாதுல்லா, யாரும் சிரிக்க மாட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துல வெக்கமா வரும். அந்த வெக்கத்தோட இருக்க முடியாது. மறுபடியும்..."

நிறுத்திவிட்டான். என் நாக்கின் நுனியில் இருபது பதில்கள் வந்து முட்டி நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினேன். டாக்டரம்மா சொன்னபடி சும்மா இருந்தேன். கிரேனில் ஆயிரம் டன் தூக்கியிருக்கிறேன். அந்த மௌனத்தைத் தூக்கி நிறுத்தியதுதான் கனம்.

"நம்பி, சாகணும்னு தோணுதாடே?"

"சில நாள் தோணும். இன்னைக்கு இல்ல." மூச்சு வாங்கினான். "எப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்னடே."

பிறகு, "நான் மேல வரட்டுமா?" என்றான்.

"வா."

அழுத்த அறையோடு தாய்க்கப்பல் தூத்துக்குடிக்கே வந்து கட்டியது. பழைய கிரேன்காரன் என்ற செல்வாக்கில் தினமும் கப்பலுக்குள் போய்விடுவேன். கொதிகலன் மாதிரி ஒரு இரும்பு உருளை. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கனத்த கண்ணாடி ஜன்னல். உள்ளே நம்பி. இளைத்திருந்தான். முழுக்கைச் சட்டை. பக்கத்தில் சுவரில் ஒரு போன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சாண் தூரத்தில் இருக்கிறவனோடு போனில் பேசுவோம். கண்ணாடியில் நான் கை வைத்தால் அவனும் வைப்பான். கண்ணாடி சில்லென்றுதான் இருக்கும்.

ஒருநாள் அவனைச் சிரிக்க வைத்தே தீருவதென்று, புயலில் என் கிரேன் ஆடிய கதையை எடுத்துவிட்டேன். "அலை எவ்வளவு ஒசரம்கற? இந்தா இம்புட்டு ஒசரம்!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். அரைக்கைச் சட்டை தோள் வரை ஏறியது.

நம்பி சிரிக்கவில்லை. என் பின்னால் நின்றிருந்த டாக்டர் பியூலாவும் சிரிக்கவில்லை.

"சார், அந்தக் கையக் காட்டுங்க."

காட்டினேன். தோளுக்குக் கீழே உட்பக்கம் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தது. நான் அதைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. பார்க்கிற இடமும் இல்லை.

போனில் நம்பியின் வாத்துக் குரல் வந்தது. "இதுக்குத்தான் மேல வந்தேன்."

"எதுக்கு?"

"உங்களுக்காக. நான் செஞ்ச ஒடனே உங்ககிட்டருந்து வலி வரும். ஒரு தடவகூடத் தப்புனதில்ல. நீங்களும் என்னைய மாதிரியே அங்க தனியாக் கெடந்து செய்யுதீங்கன்னு நெனைச்சேன். ரெண்டு பக்கமும் வரும்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் வெளங்கிச்சு. என் வலி தாங்காம உங்களையே நோவடிச்சிருக்கீங்க. கீழ இருந்தா ரெண்டு பேரும் போயிருவோம்னு தோணிச்சு."

"அடேய், அது பதிலுடே! நீ வெளையாடுதன்னு நெனைச்சுக் கிள்ளுனேன்."

அவன் நம்பவில்லை. டாக்டரம்மா என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதில் சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி, அவன் கூப்பிடுவானேன்னு."

"அவர் கூப்பிடறத நிறுத்தின பிறகு?"

ஏழெட்டு ஜோக் வரிசையில் வந்து நின்றது. தூத்துக்குடிக் கொசு முதலில் நின்றது. கண்ணாடிக்கு உள்ளிருந்து நம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்றேன். "நான் கிள்ளுனா எங்கயோ ஒருத்தனுக்குத் தெரியும்லா. அவன் கூப்பிடாட்டாலும், தெரியும்லா."

டாக்டரம்மா என் கையைத் திருப்பி மடியில் வைத்துவிட்டார். "நம்பி வெளிய வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் கரையில என்னைப் பாக்க வருவார். நீங்களும் வாங்க."

"அவனக் கூட்டிட்டா?"

"இல்ல சார். உங்களுக்குன்னு தனியா."

அன்றைக்கே இருவரும் வளைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். மேலே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அப்படி இல்லை. வியாழக்கிழமைகள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. சில நாள் அவன் என் முன்னால் வந்து நின்று, "எப்பா, இன்னைக்கு முடியல" என்பான். அதைச் சொல்ல அவனுக்கு மாதக்கணக்கு ஆயிற்று. சொல்லாமல் இருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று அவனே டாக்டரிடம் சொல்கிறான். நான் சத்தியம் வாங்கவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், அறைக் கதவைத் திறந்தது ஒரு பிற்பகல். வெயிலென்றால் வெயில், கப்பல் தளத்தில் தோசை ஊற்றலாம். கப்பல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இரும்புத் திருகைச் சுழற்றினார்கள். நம்பி குனிந்து வெளியே வந்தான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் உடம்பு கதகதப்பாக இருந்தது. கயிற்றுச் சுருளின் மேல் இருவரும் உட்கார்ந்தோம்.

"எப்பா" என்றான். கரகரவென்று, அடித்தொண்டையில். மனிதக் குரல்.

"சொல்லுடே."

"அம்மா கடைசியா என்ன பேசுனா? ஆஸ்பத்திரில. நீங்க இதுவரைக்கும் சொல்லல." என் கையைப் பிடித்தான். "கூட்டாம சொல்லுங்க."

எனக்குக் கூட்டாமல் பேசத் தெரியாது. ஆனால் இதில் கூட்ட ஒன்றுமில்லை.

"புதன்கிழமை சாயங்காலம் கண்ணு முழிச்சா" என்றேன். "ஒன் பேரச் சொன்னா. அப்புறம், 'அவங்கொரல் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்து போச்சு. அந்த வாத்துதான் ஞாபகத்துக்கு வருது. உங்களுக்கு நெனப்பு இருக்கா?'ன்னு கேட்டா. இருக்குன்னு சொன்னேன். 'பேசிக் காட்டுங்க'ன்னா. நான் ஒன்ன மாதிரி பேசிக் காட்டுனேன். 'எம்மா, பசிக்கு'ன்னேன். 'இது இல்ல'ன்னா. இன்னொரு தடவ பேசுனேன். 'இதுவும் இல்ல'ன்னு கண்ண மூடிக்கிட்டா. அவ்வளவுதான்."

நம்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் வாய் கோணியது. பிறகு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, கனத்து, உடைந்து, "எம்மா" என்று கப்பல் தளம் முழுக்க. அவனுடைய குரல். பத்தாவது படிக்கையில் உடைந்து தடித்து, அவள் கேலி செய்து, பிறகு பழகிப்போன அதே குரல். எனக்கும் மறந்துதான் போயிருந்தது.

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாலுமி ஓடி வந்து அவனைத் தேற்றப் போனான். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"விடுங்க தம்பி" என்றேன். "அவன் அம்மாவக் கூப்பிடுதான்."